குழியிலிருந்து கொல்லைப்புறத்துக்கு: அமெரிக்க பார்பெக்யூக் கருவிகளின் வரலாறு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பார்பெக்யூ நெடுங்காலம் ஊர் கூடி உண்ணும் விருந்தாகவே இருந்தது. நீளவாக்கில் குழி வெட்டி, ஹிக்கரி, ஓக் முதலிய வைர மரங்களை எரித்துத் தணலாக்கி, அதன்மேல் கொம்புகளைப் பரப்பி, முழுப் பன்றியை இரவெல்லாம் வாட்டுவது அதன் முறை. 1769 மே மாதம் அலெக்சாண்டிரியாவில் நடந்த இத்தகைய விருந்தொன்றுக்குச் சென்று இரவு தங்கியதை ஜார்ஜ் வாஷிங்டன் தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். அந்நாளில் விறகு பிளந்து, விடிய விடியத் தணல் தள்ளி, கறியைப் பதம் பார்த்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். இன்று வீட்டுக் கொல்லையில் கறி சுடுபவர் கையாளும் கருவிகளும் சுவைப்பொருள்களும் பெரும்பாலும் அவர்களுடைய கைப்பழக்கத்துக்கு ஈடாக ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தவையே.

அந்தக் கைப்பழக்கம் எளிதில் வாய்ப்பதன்று. பன்றியின் தோள்கறி போன்ற கடினமான பகுதிகளில் தசையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம், ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் அனலில் பல மணி நேரம் கிடந்தால்தான் கரைந்து பசையாகும். சூடு மிகுந்தால் கறி கரிந்துவிடும், குறைந்தால் வேகாது. இதற்கிடையே கறியின் உட்சூடு 65 முதல் 70 பாகை வரை ஏறியபின் சில மணி நேரம் அசையாமல் நிற்பதுண்டு. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் கறியைக் குளிர்விப்பதே இதற்குக் காரணம் என்பதை அறியாதவர் தீயைக் கூட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடுவர். குழியடியில் நின்ற சமையலாளர் தணலுக்கு மேலே கையை நீட்டியே சூட்டை அளந்தார். கழி நுனியில் கட்டிய துணியால் வினிகரும் உப்பும் மிளகாயும் கலந்த நீரைக் கறியின்மேல் ஒற்றி, அது காயாமல் காத்தார். கறியில் குத்திவைக்கும் வெப்பமானி இப்போது சூட்டைச் சொல்லிவிடுகிறது. துணி கட்டிய கழி மட்டும் சிறு பஞ்சுத் துடைப்பமாக உருமாறி இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

விறகை எரித்துத் தணலாக்கும் வேலையை நீக்கியது பிரிக்கெட் எனப்படும் அச்சுக்கரி. கரித்தூளை மாவுப்பசையுடன் பிசைந்து அச்சிலிட்டுச் செய்யப்படும் இதற்கு எல்ஸ்வொர்த் ஸ்வோயர் 1897இல் காப்புரிமை பெற்றார். 1920களில் ஹென்றி ஃபோர்டு, கார்களுக்குப் பலகை அறுத்தபின் மிச்சிகன் மரக்காடுகளில் குவிந்த கழிவு மரத்தைக் கரியாக்கி, தம் கார் விற்பனையகங்கள் வழியாகவே விற்றார். அத்தொழிலுக்குத் துணைநின்ற எட்வர்டு கிங்ஸ்ஃபோர்டின் பெயரே பின்னர் அக்கரியின் வணிகப்பெயராயிற்று.

ஆயினும் கரி கிடைத்ததால் மட்டும் குழி கொல்லைக்கு வந்துவிடவில்லை. அக்காலத்து வீட்டடுப்புகள் மூடியற்ற தட்டுகளாக இருந்தமையால், காற்றடித்தால் சாம்பல் பறந்து கறியில் படிந்தது, மழை வந்தால் தீ அணைந்தது. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீவன், அங்கே உருவான நீர்மிதவைகளின் உருண்டை வடிவைக் கண்டு, 1952இல் அரைக்கோளக் கிண்ணத்துக்கு மூன்று கால்களும் அதே வடிவில் ஒரு மூடியும் பொருத்தினார். அடியிலும் மூடியிலும் அமைந்த காற்றுத்துளைகளைத் திறந்தும் அடைத்தும் தீயை ஆளலாம். துளையைச் சுருக்கினால் உயிர்வளி குறைந்து தணல் அடங்குகிறது, மூடிக்குள் புகை சுழன்று கறியைச் சூழ்கிறது. குழிக்காவலர் இரவு முழுதும் மண்வெட்டியால் செய்த வேலையை இரண்டு தகடுகளின் நகர்வில் அடக்கிய இக்கருவி, இவ்வரலாற்றின் உண்மையான திருப்புமுனை. கீழே காகிதத்தைக் கொளுத்தி மேலே கரியைப் பற்றவைக்கும் புகைபோக்கிக் குழாய் பின்னர் பரவி, எரிநெய்யின் நாற்றம் கறியில் ஏறாமல் காத்தது.

சுவைப்பொருள்களின் கதையும் இதே வழியில் சென்றது. கான்சாஸ் சிட்டியில் எர்னஸ்ட் ரைட் என்ற மருந்தாளர், விறகுப் புகையைக் குளிர்வித்து வடித்த திரவப்புகையை 1895இல் விற்கத் தொடங்கினார். விறகே இன்றிப் புகைமணம் தரும் இதைச் சுவைப்பொருள்களில் மிகத் துணிச்சலான மாற்று எனலாம். சாஸ்களோ ஊருக்கு ஊர் வேறு: வட கரோலினாவின் கிழக்கில் வினிகரும் மிளகாயும், தென் கரோலினாவில் கடுகு, கான்சாஸ் சிட்டியில் தக்காளியோடு கரும்பாகு. இவற்றுள் கடைசியானதே நாடெங்கும் புட்டிகளில் பரவியது. மனநல மருத்துவரான ரிச் டேவிஸ் 1977 வாக்கில் உருவாக்கிய கெட்டியான இனிப்புச் சாஸ் பின்னர் கிங்ஸ்ஃபோர்டு கரி நிறுவனத்திடமே விற்கப்பட்டது. ஆனால் அந்நகரின் பார்பெக்யூவுக்கு அடிகோலியவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே குழியில் வாட்டிய கறியை விற்ற கறுப்பினத்தவரான ஹென்றி பெர்ரி. அவருடைய சாஸ் இனிப்பால் அன்றி, காரத்தால் பெயர்பெற்றது. அவரையும் அவரைப் போன்ற கறுப்பினச் சமையலாளரையும் முன்னிறுத்தி ஏட்ரியன் மில்லர் எழுதிய ‘பிளாக் ஸ்மோக்’ என்ற நூல் 2021இல்தான் வெளிவந்தது.