பேக்கேஜ் 3.6 லட்சம்... கைக்கு வருவது எவ்வளவு? - ஆஃபர் லெட்டரைப் படிக்கக் கத்துக்கலாம் வாங்க!

"என்ன பேக்கேஜ்?" - இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளை, கல்யாண மண்டபம் வரை துரத்தி வரும் கேள்வி இது. "மூணு அறுபது" என்று சொல்லிவிட்டு, அதை 12-ஆல் வகுத்து, மாசம் 30,000 ரூபாய் வரும் என்று வீட்டில் திட்டம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால், அக்கவுன்ட்டில் விழுவது 22,000 ரூபாய்தான். மீதி எங்கே போச்சு?

சி.டி.சி என்பது சம்பளம் இல்லை!

சி.டி.சி என்பது, உங்களுக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. சம்பளம் அதில் ஒரு பகுதிதான். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

* மாத சி.டி.சி - 30,000
* வேரியபிள் பே (10%) - 3,000
* நிறுவனம் கட்டும் பி.எஃப் - 1,800
* கிராஜுவிட்டி - 720
* மருத்துவக் காப்பீடு - 480

இவை போக மிஞ்சும் 24,000 ரூபாய்தான் கிராஸ் சம்பளம். அதில் உங்கள் பங்கு பி.எஃப் 1,800, தொழில் வரி சுமார் 200 கழித்தால், கைக்கு வருவது 22,000.

எது திரும்ப வரும், எது வராது?

பி.எஃப் எங்கேயும் போகாது. நீங்கள் கட்டும் 1,800 ரூபாய் முழுசா உங்கள் கணக்குக்குப் போகும். நிறுவனம் கட்டும் 1,800-ல் 1,250 ரூபாய் பென்ஷனுக்கும், மீதி 550 உங்கள் பி.எஃப் கணக்குக்கும் போகும். வேலை மாறினாலும் யு.ஏ.என் எண் ஒன்றுதான். பழைய பணத்தைப் புது நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கிராஜுவிட்டி அப்படி இல்லை. நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். மூணு வருஷத்தில் வேறு கம்பெனிக்குத் தாவினால், அது பேப்பரில் மட்டுமே இருந்த பணம். வேரியபிள் பே, நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் ரேட்டிங்கையும் பொறுத்தது. முழுசா வரலாம், பாதியும் வரலாம்.

வருமான வரி பற்றி ஃப்ரெஷர்கள் பயப்படவே வேண்டாம். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு வரி இல்லை.

வேலை நிலவரம் எப்படி?

பத்து வருடத்துக்கு முன்பும் பெரிய ஐ.டி சேவை நிறுவனங்களில் ஃப்ரெஷர் சம்பளம் மூணு, மூன்றரை லட்சம்தான். இன்றும் கிட்டத்தட்ட அதே. வாடகையும் பிரியாணி விலையும்தான் நமக்காகக் காத்திருக்கவில்லை!

ஆனால், அதே நிறுவனங்களுக்குள்ளேயே மேல் படிகள் இருக்கின்றன. உதாரணமாக, டி.சி.எஸ்-ல் நிஞ்ஜா பிரிவில் சேர்பவருக்குச் சுமார் 3.4 லட்சம் என்றால், டிஜிட்டல் பிரிவில் சுமார் 7 லட்சம், பிரைம் பிரிவில் 9 லட்சம் வரை போகிறது. தேர்வு ஒன்றுதான், கோடிங் கேள்விகளை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் படி மாறுகிறது. அதனால் மூன்றாம் ஆண்டிலேயே தினமும் ஒரு மணி நேரம் கோடிங் பயிற்சி எடுப்பவருக்கு, முதல் சம்பளமே இரட்டிப்பாக வாய்ப்பு உண்டு.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால் கேட் தேர்வு எழுதலாம். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதன் மூலம் எம்.டெக் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சில பொதுத்துறை நிறுவனங்களும் இந்த மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன.

சென்னையா, சொந்த ஊரா?

4 லட்சம் கல்விக்கடனை 10% வட்டியில் 10 வருடத்தில் அடைக்க, மாதத் தவணை சுமார் 5,300 ரூபாய். ஓ.எம்.ஆர் பக்கம் ஷேரிங் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 என்று வைத்தால், 22,000-ல் மிஞ்சுவது 7,700. பஸ், போன், துணிமணி, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் இதற்குள்தான். விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் 2024-ல் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டுள்ளன. சொந்த ஊரில் வீட்டுச் சாப்பாட்டோடு 18,000 வாங்குபவருக்கு, அதே கடன் போக 12,700 மிஞ்சும். வேலை கற்றுக்கொள்ள நல்ல டீம் இருந்தால் சின்ன ஊர் ஆஃபரைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

1. வேரியபிள் எத்தனை சதவிகிதம்? மாதாமாதமா, வருடக் கடைசியிலா?

2. ஜாயினிங் போனஸ் இருந்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும்?

3. பாண்ட் உண்டா, எவ்வளவு? பாண்டே சட்டவிரோதம் என்று நினைக்காதீர்கள். குறைந்தபட்ச காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என, விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சரிபார்க்க நகல் போதும்.

4. நோட்டீஸ் பீரியட் 30 நாளா, 90 நாளா? 90 நாள் என்றால் அடுத்த வேலைக்கு மாறுவது சிரமம்.

5. ஜாயினிங் தேதி எழுத்தில் உள்ளதா? 2022-ல் ஆஃபர் வாங்கிவிட்டு, 2024 வரை காத்திருந்தவர்களும் உண்டு. ஜாயின் பண்ணும் வரை மற்ற இன்டர்வியூக்களை நிறுத்த வேண்டாம்.

லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், அது வேலை இல்லை, வலை. வேலை கொடுப்பவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும்!