ஏடு காட்டிய வழி

"நல்ல புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஜவ்வாது மலைக்குப் போகும்போதெல்லாம் நான் பையில் வைத்திருக்கும் மலைபடுகடாத்திலேயே அதற்குப் பதில் இருக்கு.

இந்த மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடும் செய்யாறுதான் பாட்டில் வரும் சேயாறு. செங்கம்தான் நன்னனின் செங்கண்மா. பரிசு பெற்ற கூத்தன், பெறாத கூத்தனுக்கு வழி சொல்கிறான்: எங்கே வழுக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும், எங்கே சோறு கிடைக்கும். மொத்தம் 583 அடிகள்.

பாட்டு நம் கைக்கு வந்த கதையும் இதே மாதிரிதான். 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் உ.வே.சா. சீவகசிந்தாமணியைப் படிக்க எடுத்தார். நச்சினார்க்கினியர் உரை முழுக்க, எந்த நூல் என்றே தெரியாத மேற்கோள்கள். விடாமல் தேடினார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் பத்துப்பாட்டு அகப்பட்டது. 1889-இல் அச்சேறியது. அதில் பத்தாவது பாட்டுதான் மலைபடுகடாம்.

அந்த மேற்கோள்களை அவர் தாண்டிப் போயிருந்தால்? ஏடுகளைச் செல் தின்றிருக்கும். எனக்குச் செய்யாறு வெறும் ஆறாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் என் வழி இதுதான்: படிக்கிற புத்தகம் எந்தப் புத்தகத்தைக் காட்டுதோ, அதைத் தேடிப் போவேன். கிடைத்ததும் அடுத்தவருக்குச் சொல்வேன். ஆற்றுப்படை என்பதும் அதுதானே?