ஒலிபெருக்கியும் அதன் பெட்டியும்

ஒலிபெருக்கி என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவன கல்யாணப் பந்தலில் கட்டிய குழலும், கோயில் திருவிழாவும், தேர்தல் மேடையுமே. வரலாற்றை நோக்கினாலும் அது பிழையன்று. ஊரைக் கூட்டுவதற்கென்றே பிறந்த சாதனம் அது. வீட்டிற்குள் நுழைந்தது பிற்பாடு. நுழைந்த பின்னரும், பாகங்களைத் தொகுதியாக வாங்கி, தம் கையாலேயே பெட்டி கூட்டி, மெருகிட்டு, கூடத்தில் ஓர் இணையாக வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்திற்குக் காரணம் மின்சாரமோ காந்தமோ அல்ல. மரப்பெட்டியும் அதனுள் அடைபட்ட காற்றும்தான்.

காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, அச்சுருளில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் செலுத்தினால், சுருள் முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவை ஒரு தகட்டிற்கோ காகிதக் கூம்பிற்கோ கொடுத்தால் காற்று அதிர்ந்து ஒலி உண்டாகும். இங்கிலாந்தின் சர் ஆலிவர் லாட்ஜ் என்ற பௌதிக விஞ்ஞானி 1898-லேயே இவ்வமைப்புக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆனால் அதை உரத்துப் பேசச் செய்வதற்கு வேண்டிய மின் பெருக்கி அன்று இல்லை. குதிரை வருவதற்கு முன்பே வண்டி வந்துவிட்டது எனலாம்.

டென்மார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய பீட்டர் ஜென்சனும், அவருடைய கூட்டாளி எட்வின் பிரிதாமும் நாபா என்னும் ஊரில் ஒரு சிறு வீட்டில் இவ்வமைப்பை மீண்டும் கையிலெடுத்தனர். 1915-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருந்திரளுக்கு அவர்களுடைய கருவி பாட்டையும் பேச்சையும் கேட்கச் செய்தது. ‘மாக்னவாக்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள்; லத்தீன் மொழியில் பெருங்குரல் என்று பொருள். 1919 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியாகோ நகரத்துத் திறந்த வெளி அரங்கில் இக்கருவியின் மூலமாகப் பேசினார். அரங்கு நிறைந்திருந்த மக்கள் ஒரு மனிதனின் இயல்பான குரலைத் தொலைவிலிருந்து கேட்டது அரசியல் மேடையின் இயல்பையே மாற்றிவிட்டது. தொண்டை வலுவுள்ளவரே தலைவராகலாம் என்ற பழைய விதி அன்றோடு தளர்ந்தது.

இவையெல்லாம் குழல் பூட்டிய ஒலிபெருக்கிகள். பேச்சுக்கு அவை போதும், சங்கீதத்துக்குப் போதா. 1925-இல் ஜெனரல் எலெக்டிரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையே வீட்டு ஒலிபெருக்கிக்கு வித்திட்டது. குழலை நீக்கிவிட்டு, நேரே காற்றைத் தள்ளும் ஒரு சிறு காகிதக் கூம்பை எடுத்துக்கொண்டனர். அதன் தொங்கலைத் தளர்வாக வைத்து, கூம்பின் இயற்கை அதிர்வு மிகத் தாழ்ந்த சுருதியில் விழும்படி செய்தால், அதற்கு மேலுள்ள சுருதிகளெல்லாம் ஏறத்தாழச் சமமான அளவில் ஒலிக்கும் என்று காட்டினர். மறு ஆண்டே ‘ரேடியோலா 104’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. நூறாண்டு கழிந்தும் இன்று விற்பனையாகும் ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் சந்ததியே.

ஆனால் காகிதக் கூம்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அது முன்னால் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்னால் காற்று விரிகிறது. முன்னலையும் பின்னலையும் விளிம்பைச் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். உச்ச சுருதிகளுக்கு அலை குறுகியதாகையால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் விநாடிக்கு 40 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். கூம்பை ஒரு பலகையின் துவாரத்தில் பொருத்தி இவ்வலைகளைப் பிரிக்க முயன்றால், கதவளவு பலகையும் போதாது. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரையே துளைத்துக் கூம்பைப் பொருத்திய ஆர்வலர்கள் மேனாட்டில் உண்டு. சங்கீதம் இந்த அறையிலும் கேட்கும், அந்த அறையிலும் கேட்கும். அடுத்த அறையில் தூங்க விரும்பியவர் என்ன சொன்னார் என்பதைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை.

பின்னலையைப் பெட்டிக்குள் அடைத்துவிடலாமே என்று தோன்றும். அடைக்கலாம். ஆனால் அடைபட்ட காற்று ஒரு வில்சுருளைப் போலக் கூம்பை எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறுக்கச் சிறுக்க எதிர்ப்பு மிகும். கூம்பின் இயற்கைச் சுருதி மேலே ஏறும். தாழ்ந்த நாதம் போய்விடும். பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ் 1932-இல் பட்டயம் பெற்ற முறையில், பெட்டியில் ஒரு கணக்கான துவாரம் விட்டுப் பின்னலையையே துணைக்கு அழைத்துக்கொண்டனர். நல்ல முறைதான். எனினும் பெட்டி பெரிதாகத்தான் இருந்தது.

இங்கிலாந்தில் பிராட்போர்டு பகுதியில் துணி வியாபாரத்தில் இருந்த கில்பர்ட் பிரிக்ஸ் 1930-களின் தொடக்கத்தில் அத்தொழிலை விட்டு, ‘வார்ஃப்டேல்’ என்ற பெயரில் ஒலிபெருக்கி செய்யலானார். பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர். செவியும் நகைச்சுவையும் உள்ள மனிதர். 1948-இல் அவர் எளிய நடையில் எழுதிய ஒலிபெருக்கி நூல் வீட்டுக் கைவினையாளர்களின் பாடப்புத்தகமாயிற்று. பெட்டியின் சுவர் அதிர்ந்தால் அது தானும் பாடத் தொடங்கிவிடும் என்பதை அவர் ஓயாது வற்புறுத்தினார். இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு இடையே உலர்ந்த மணலை நிரப்பிச் சுவர் எழுப்பினார். அறை மூலையில் செங்கல்லாலேயே பெட்டி கட்டவும் வழி சொன்னார். 1954-இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நேரே வாசிப்பதையும் பதிவு செய்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார். அவர் கொள்கை சரியானது. ஆயினும் செங்கல் பெட்டி வாடகை வீட்டுக்காரனுக்கு ஏற்ற பண்டமல்ல.

இடத்தட்டுப்பாட்டைத் தீர்த்தவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு பற்றிப் பாடம் நடத்தியவர். பிறர் காற்றின் எதிர்ப்பைத் தொல்லையாகக் கருதினார்கள். அவர் அதையே ஆதாரமாக்கிக்கொண்டார். கூம்பின் தொங்கலை ஏறக்குறையப் பயனற்றதாகும்வரை தளர்த்திவிட்டு, அதை மீட்டு நிறுத்தும் வேலையை அடைபட்ட காற்றிடமே ஒப்படைத்தார். இரும்பு வில்லையும் துணி வில்லையும் விடக் காற்று வில் ஒழுங்கானது. ஆகவே நாதத்தில் கலங்கலும் குறைந்தது. பெரிய நிறுவனங்களை அணுகினார், அவை ஏற்கவில்லை. அவருடைய மாணவரான ஹென்றி கிளாஸ் என்ற இளைஞருடன் சேர்ந்து 1954-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு தொழிலகம் தொடங்கினார். ‘ஏ.ஆர்.1’ என்ற அவர்களது பெட்டி புத்தக அலமாரித் தட்டில் அடங்கியது. ஆளுயரப் பெட்டிகளுக்கு இணையாகத் தாழ்ந்த நாதத்தைக் கொடுத்தது. பிற்பாடு அவருடைய பட்டயத்தை வேறொரு கம்பெனி நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றது. அதனால் வில்ச்சருக்கு நஷ்டம். ஆனால் அவர் வழி எல்லார்க்கும் பொதுவாயிற்று.

சிறு பெட்டி அப்போது வந்தது நற்காலம். அதுவரை வீட்டுக்கு ஓர் ஒலிபெருக்கி போதும். ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலப் பொறியியல் மேதை இரு செவிகளுக்கு இரு வழிகளில் ஒலி அனுப்பும் முறைக்கு 1931-லேயே பட்டயம் கோரியிருந்தார். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1957, 1958 ஆண்டுகளில்தான். உடனே எல்லா வீட்டிலும் ஒன்றுக்கு இரண்டாக ஒலிபெருக்கி தேவைப்பட்டது. ஒரு செங்கல் பெட்டிக்கு இடமில்லாதவர் இரண்டுக்கு எங்கே போவார்? இணை என்ற வழக்கமும் சிறு பெட்டி என்ற வழக்கமும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன.

இனி, பாகத் தொகுதியின் கதை. ‘கிட்’ என்று எல்லாரும் சொல்லும் இம்முறை அமெரிக்காவில் எட்வர்ட் ஹீத் என்பவரின் ஸ்தாபனத்தால் புகழ்பெற்றது. அவர் 1920-களில் விற்றது ஒலிபெருக்கியல்ல, ஆகாய விமானம்! ‘பாரசோல்’ என்ற சிறு விமானத்தின் பாகங்களை வாங்கி அவரவரே கூட்டிக்கொள்ளலாம். 1931-இல் விமான விபத்தில் அவர் மாண்டார். பின்னர் அந்த ஸ்தாபனத்தை வாங்கிய ஹோவர்ட் அந்தோணி, யுத்தம் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த இராணுவ உபரிப் பாகங்களைக்கொண்டு, 1947-இல் அலைகாட்டிக் கருவி ஒன்றை 50 டாலருக்கும் குறைந்த விலைக்குத் தொகுதியாக விற்றார். அதிலிருந்து ரேடியோ, மின் பெருக்கி, ஒலிபெருக்கி என்று ‘ஹீத்கிட்’ பெருகிற்று. அந்தோணியும் 1954-இல் விமான விபத்தில் இறந்தார். பிளம்லைன் 1942-இல் ராடார் சோதனை விமானத்தில் மாண்டவர். ஒலித்துறையில் இம்மூவர் முடிவும் இப்படி ஒத்திருப்பது விசித்திரமே.

ஹீத்கிட்டின் உண்மையான கண்டுபிடிப்பு அதன் கைப்புத்தகம் என்பேன். ஒவ்வொரு கம்பியையும் எங்கே வெட்டுவது, எங்கே பற்றவைப்பது என்று படிப்படியாகச் சொல்லி, செய்து முடித்ததற்கு அடையாளம் இட ஒரு கட்டமும் விட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளையும் கூட்டி முடிக்க முடிந்தது. அந்தப் பெரும் வியாபாரம் 1992-இல் நின்றது. இயந்திரத்தால் பாகங்களைப் பொருத்தும் முறை வந்தபின், பெருக்கியையும் ரேடியோவையும் கையால் கூட்டுவதில் மிச்சம் இல்லாமற் போயிற்று. ஒலிபெருக்கித் தொகுதி மட்டும் இன்றும் பிழைத்திருக்கிறது. அதன் விலையில் பெரும்பங்கு பெட்டிக்கும் மெருகுக்குமே. அவ்விரண்டும் பொறுமையுள்ள எவர் கைக்கும் வசப்படும்.

அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1961-இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல், பெட்டியையும் கூம்பையும் ஒரே மின்சுற்றாகப் பாவித்து, இன்ன கூம்புக்கு இன்ன கன அளவு, இன்ன நீளத் துவாரம் என்று கணக்கிடும் வழியை வெளியிட்டார். பத்தாண்டு அதைப் பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. 1971-இல் அமெரிக்காவில் மறுபதிப்பான பின்பும், சிட்னியில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தெழுதிய பின்பும், பெட்டி செய்வது குருட்டாம்போக்கு என்ற நிலை மாறியது. இன்று ஒவ்வொரு கூம்புடனும் அவ்விருவர் பெயரால் வழங்கும் எண்கள் அச்சிட்டு வருகின்றன.

நம் போன்று சொந்த ஊரை விட்டு வந்தோர்க்கு இதில் என்ன? 1952-இல் வானொலியில் சங்கீத தேசிய நிகழ்ச்சி தொடங்கியபின், டெல்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த தமிழர் கர்நாடகக் கச்சேரியைத் தம் வீட்டில் கேட்டனர். ஆனால் சிறு ரேடியோப் பெட்டியின் கூம்பு மிருதங்கத்தைப் பாதியாகவே தந்தது. வலந்தலையின் கணீரென்ற நாதம் வரும். அதன் மேற்சுரங்கள் சுருதியோடு இசைந்திருப்பதை சி. வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோதுதான், 1920-இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஆனால் ரவையைப் பிசைந்து அப்பித் தாழ்த்திய தொப்பியின் கும்கி? நம் செவி மேற்சுரங்களைக்கொண்டு இல்லாத அடிநாதத்தை ஊகித்துக்கொள்ளும். அந்தக் கனத்தை மட்டும் ஊகிக்க இயலாது. இன்று கைப்பேசியில் கச்சேரி கேட்பவர் அந்த ரேடியோவிலும் குறைவாகவே கேட்கிறார். அயலூரில் பிறந்த பிள்ளைகள் மிருதங்கத்தை இப்படியே அறிந்து வளர்ந்தால், அதற்கு இடக்கை எதற்கு என்றுகூடக் கேட்கலாம்.

டெல்லி லஜபதிராய் மார்க்கெட்டிலும், பம்பாய் லாமிங்டன் சாலையிலும், கல்கத்தா சாந்தினியிலும் பாகங்கள் தேடுவோர் இரண்டொரு விஷயங்களை மனத்திற்கொள்ள வேண்டும். மூடிய பெட்டியில் காற்றுக் கசிவு இருத்தலாகாது. வில்ச்சரின் காற்று வில் அதோடு அறுந்துவிடும். பெரிய கூம்பை விரலால் மெல்ல அழுத்தி விட்டால் அது நிதானமாக மீள வேண்டும், வெடுக்கென்று மீண்டால் எங்கோ மூட்டு பிளந்திருக்கிறது. இரண்டு பெட்டிகளின் இணைப்பும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்றரை வோல்ட் பாட்டரியைக் கூம்பின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் போதும். இரண்டும் வெளிநோக்கியே அசைய வேண்டும். ஒன்று உள்ளே போனால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பாடகர் நடுவில் நில்லாமல் அறையெங்கும் அலைவார்.

மெருகுக்கு நம் நாட்டுச் சரக்கே சிறந்தது. புரசு, இலந்தை மரங்களில் சிறு பூச்சிகள் கசியவிடும் அரக்குக்கு இந்தியாவே பெருநிலம். 1924-இல் ராஞ்சிக்கு அருகில் நாம்குமில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் இதே அரக்கில் கற்பொடி கலந்து அச்சிடப்பட்டவை. 1908 முதல் கல்கத்தாவிலேயே அவை தயாராயின. அதே அரக்கை அவலரக்காக வாங்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் பெட்டிக்கு மெருகாகிறது. பலகையை உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, தூசி துடைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மிக மெல்லிதாகப் பல பூச்சுகள் இட வேண்டும். எம்.டி.எஃப். பலகையானால் வெட்டிய விளிம்புகள் பாலிஷை உறிஞ்சிவிடும். அவற்றிற்கு முன்பாகவே தனிப் பூச்சு வேண்டும். மேலே மர வெனீர் ஒட்டுவோர், இரு பெட்டிகளுக்கும் ஒரே கட்டிலிருந்து அடுத்தடுத்த தாள்களைக் கேட்டு வாங்கினால் ரேகைகள் இணை சேரும். கூம்புகளைப் பூச்சு முற்றக் காய்ந்த பின்னரே பொருத்துவது நலம். அரக்கு மெருகு சூட்டைத் தாங்காது. காப்பித் தம்ளரை அதன்மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும்.