நாமக்கல்லுக்கு வந்த கால்நடை மருத்துவப் படிப்பு

கால்நடை அறிவியலில் எம்.வி.எஸ்சி. சேர, ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. படிப்பை முடித்திருக்க வேண்டும். பின் இரண்டு ஆண்டுகள் பாடமும் ஆய்வேடும். அதற்கு மேல் பிஎச்.டி.

சென்னையில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் இத்துறையில் பட்டம் வழங்கிய முதல் கல்லூரி இதுவே. ஆனால் அதன்பின் அரை நூற்றாண்டு காலம், சேலம் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்க வேப்பேரிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

1985-ல் அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல்லில் தமிழகத்தின் இரண்டாவது கால்நடைக் கல்லூரி திறக்கப்பட்டது. 1989-ல் இரண்டும் புதிய கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. இன்று கோழி நோய்களை ஆராயும் முதுநிலை மாணவருக்கு, கல்லூரியைச் சுற்றியுள்ள முட்டைக்கோழிப் பண்ணைகளே களம். பண்ணைக்காரருக்கும் சென்னை போகும் அலைச்சல் மிச்சம்.