ஐந்து நிமிடமும் நாலு மாதமும்: விக்கிபீடியாவில் அரசியல்வாதிகளின் வாழ்க்கை

ஒரு அரசியல்வாதியைப் பற்றி அறிய வேண்டுமென்றால் நாங்கள் இப்ப முதலில் செய்யிறது அவருடைய பெயரைக் கூகுளில் அடிக்கிறதுதான். அநேகமாக முதல் வரிசையிலேயே விக்கிபீடியாக் கட்டுரை வந்து நிற்கும். எங்கே பிறந்தார், எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குத் தாவினார், மேலே என்ன வழக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனா அதை எழுதினது ஆர் எண்டு கேட்கிற ஆக்கள் குறைவு. எழுதியவர்கள் சம்பளம் வாங்குகிற ஊடகவியலாளர்கள் இல்லை. வேலை முடிந்து வந்த நேரத்தில், பெரும்பாலும் புனைபெயரில் எழுதுகிற தொண்டர்கள். உயிரோடு இருக்கிற, அதிகாரமும் வைத்திருக்கிற ஒருவரின் வாழ்க்கையை இப்படியானவர்கள் எப்படிக் கையாளுவது? இந்தக் கேள்விக்கு ஆங்கில விக்கிபீடியா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பதில் தேடியது. அங்கே இருக்கிற முக்கியமான விதிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பெயருக்கு ஏற்பட்ட காயம் இருக்கு.

விக்கிபீடியா தொடங்கியது 2001 ஜனவரி 15. அதற்கு முதல் வருடம் ஜிம்மி வேல்ஸும் லரி சாங்கரும் நியூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தை நடத்திப் பார்த்தார்கள். அங்கே ஒவ்வொரு கட்டுரையும் நிபுணர்களின் ஏழு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். அதனால் கட்டுரைகள் ஆமை வேகத்தில் வந்தன. விக்கிபீடியா அந்தக் கதவைத் திறந்துவிட்டது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், பிழை இருந்தால் பிறகு வருகிற ஒருவர் சரிசெய்வார் என்பதுதான் நம்பிக்கை. ஒரு எரிமலையைப் பற்றின கட்டுரைக்கு இது போதும். பிழையாக எழுதினாலும் எரிமலைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. உயிருள்ள மனிதருக்கு அப்படி இல்லை.

இதை எல்லாருக்கும் விளங்கப்படுத்தியது ஜோன் சீகன்தாலரின் கதை. அவர் தேர்தலில் நின்ற அரசியல்வாதி அல்ல, நாஷ்வில் நகரத்துப் பத்திரிகையாளர். ஆனால் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டமா அதிபராக இருந்த ரொபேட் கென்னடியின் உதவியாளராக வேலை செய்தவர். 1961இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேருந்துகளில் பயணம் செய்தவர்கள் மொன்ற்கொமரியில் தாக்கப்பட்டபோது, இடையில் புகுந்து தானும் அடிவாங்கி மயங்கி விழுந்தவர். ரொபேட் கென்னடி கொல்லப்பட்டபோது அவரது பேழையைச் சுமந்தவர்களில் ஒருவர். 2005 மே மாதத்தில் பெயர் தெரியாத ஒருவர் இவரைப் பற்றி ஒரு சிறு கட்டுரையை விக்கிபீடியாவில் போட்டார். கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் இவருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொஞ்சக் காலம் கருதப்பட்டதாம், பிறகு பல வருடம் சோவியத் யூனியனில் வாழ்ந்தாராம். இரண்டும் முழுப் பொய்.

அந்தப் பொய் ஏறக்குறைய நாலு மாதம் அப்படியே கிடந்தது. விக்கிபீடியாவைப் பிரதியெடுக்கிற வேறு தளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சீகன்தாலருக்கு அப்போது 78 வயது. 2005 நவம்பரில் அவர் தனக்கு நடந்ததை யூஎஸ்ஏ டுடே பத்திரிகையில் எழுதினார். எழுதிய ஆளும் பிடிபட்டார். நாஷ்வில்லில் பொதிகள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தவர், கூட வேலை செய்கிற ஒருவருக்குப் பகிடி விட எழுதினாராம். அவருடைய வேலை போனது. சீகன்தாலர் அவர்மீது வழக்குப் போடவில்லை. அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டார்.

இதற்குப் பிறகு ஆங்கில விக்கிபீடியாவில் இரண்டு மாற்றங்கள் வந்தன. கணக்கு இல்லாதவர்கள் புதிய கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. அந்த டிசம்பரிலேயே, உயிரோடு இருப்பவர்களின் வாழ்க்கை வரலாற்றுக்கென்று தனிக் கொள்கை எழுதத் தொடங்கினார்கள். அதன் சாரம் எளிமையானது. உயிருள்ள ஒருவரைப் பற்றிய சர்ச்சைக்குரிய தகவலுக்கு நல்ல சான்று இல்லையா, அதை உடனே எடு. கலந்துபேசுவதற்காகக் காத்திருக்காதே. மற்றக் கட்டுரைகளில் "சான்று தேவை" என்று குறி போட்டுவிட்டுப் போகலாம், இங்கே அது போதாது. எழுதுகிறவரே நிரூபிக்க வேண்டும். பிறகு ஆராவது திருத்துவினம் எண்ட பழைய நம்பிக்கையை மனிதர்கள் விடயத்தில் கைவிட்டார்கள் என்பதுதான் இதன் அர்த்தம்.

அடுத்த தலையிடி எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அவதூறு எழுதுவதற்கு ஆட்கள் இருப்பது போல, வெள்ளையடிப்பதற்கும் இருந்தார்கள். 2006 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் சன் பத்திரிகை ஒரு செய்தி போட்டது. அந்தப் பகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மார்ட்டி மீஹனின் அலுவலகமே அவருடைய விக்கிபீடியாக் கட்டுரையை எடுத்துவிட்டு, தாங்கள் தயாரித்த வாழ்க்கைக் குறிப்பைப் போட்டிருந்தது. போனதில் முக்கியமானது ஒரு வாக்குறுதி. நாலு தவணைக்கு மேல் பதவியில் இருக்கமாட்டேன் என்று சொல்லியிருந்த மீஹன் அதைத் தாண்டியும் பதவியில் இருந்தார். அந்த விடயமே கட்டுரையில் இருந்து காணாமல் போயிற்று. இதே காலத்தில் மினசோட்டா செனட்டர் நோர்ம் கோல்மனின் கட்டுரையில், அவர் 2003இல் 98 வீதமான வாக்கெடுப்புகளில் ஜனாதிபதி புஷ்ஷின் பக்கம் நின்றார் என்ற வரியை அவரது அலுவலகத்தினர் நீக்கியதும் வெளியே வந்தது.

எப்படி வெளியே வந்தது? விக்கிபீடியாவில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும். கணக்கு இல்லாமல் திருத்தினால் கணினியின் இணைய முகவரி அப்போது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கக் கொங்கிரஸின் முகவரிகள் எவை என்பதும் தெரிந்ததுதான். அழித்தவர்கள் அழித்த தடயத்தையும் சேர்த்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தொண்டர்கள் கொங்கிரஸ் முகவரிகளைச் சில நாட்களுக்குத் தடை செய்தார்கள். 2014இல் கொங்கிரஸ் கட்டடத்திலிருந்து செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் ட்விட்டரில் தானாக அறிவிக்கிற ஒரு கணக்கையும் ஒருவர் உருவாக்கினார். ஆனா கண்காணிக்கிற கருவியும் காயப்படுத்தும். 2018இல் கொங்கிரஸ் கணினியிலிருந்து யாரோ சில செனட்டர்களின் தனிப்பட்ட விபரங்களை விக்கிபீடியாவில் போட, அந்தக் கணக்கு அவற்றையும் தானாகவே ஊருக்குச் சொல்லிவிட்டது. ட்விட்டர் கணக்கை நிறுத்தியது.

அரசியல்வாதியோ அவரது ஆட்களோ ஒன்றும் கேட்கக்கூடாது என்று விதி சொல்லவில்லை. பிழை இருந்தால் உரையாடல் பக்கத்தில், தான் யார் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்கலாம். கட்டுரைக்குள் கை வைப்பதுதான் பிரச்சினை. 2008 ஓகஸ்டில் ஜோன் மக்கெயின் தன்னுடைய துணை ஜனாதிபதி வேட்பாளராக அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை அறிவிப்பதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்பு, ஒரு புதிய கணக்கு பேலினின் கட்டுரையில் ஏறக்குறைய 30 திருத்தங்களைச் செய்தது. அநேகமானவை அவரைப் புகழுகிறவை. அறிவிப்பு வந்தவுடன் அந்தப் பக்கம் போர்க்களமானது. கட்டுரையைப் பூட்டுவதா, எந்த அளவுக்குப் பூட்டுவதா என்பதில் நிர்வாகிகளே ஒருவர் செய்ததை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்க, அது விக்கிபீடியாவின் நடுவர் குழுவரை போனது. பூட்டினால் நல்ல திருத்தமும் நிற்கும், திறந்தால் பொய்யும் வரும். தேர்தல் கால அரசியல்வாதி எவருடைய கட்டுரையும் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் ஓடுகிறது.

சரி, பூட்டுச் சண்டை இல்லாத நாளில் இவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? இந்த அரசியல்வாதி நல்லவரா என்று அவர்கள் கேட்பதில்லை. பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான் ஓடும். இதை யார் சொன்னது, அவர்களுக்கு நம்பகம் இருக்கா? ஒருவரின் முப்பது வருட வாழ்க்கையில் இந்தச் சம்பவம் எவ்வளவு இடம் பெறத் தகும்? எந்தச் சொல்லால் எழுதுவது? கைது செய்யப்பட்டதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று எழுத முடியாது. அதேநேரம், பொதுவாழ்வில் இருப்பவர் மீதான ஒரு குற்றச்சாட்டை நம்பகமான ஊடகங்கள் பல எழுதியிருந்தால், அவருக்குப் பிடிக்காவிட்டாலும் அது கட்டுரையில் இருக்கும். அவர் மறுத்தார் என்பதும் கூடவே இருக்கும். டொனால்ட் ட்ரம்ப் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், இதுவரை எட்டிய இணக்கங்களை இலக்கமிட்டுப் பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள். எந்தப் படம் போடுவது என்பதிலிருந்து முன்னுரையின் வசனங்கள்வரை அதில் இருக்கு. அதே சண்டையை ஒவ்வொரு கிழமையும் புதிதாகத் தொடங்கக்கூடாதே.

சான்று கேட்கிற இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. 2009 பெப்ரவரியில் ஜேர்மனியின் புதிய பொருளாதார அமைச்சராகக் கார்ல்-தியோடோர் சூ குட்டன்பேர்க் வந்தார். பிரபுக்கள் குடும்பம், ஏற்கெனவே பத்து முதற்பெயர்கள். பெயர் தெரியாத ஒருவர் விக்கிபீடியாவில் "வில்ஹெல்ம்" என்று ஒன்றைக் கூட்டிவிட்டார். பில்ட் உட்படப் பத்திரிகைகள் அதைப் பார்த்து அப்படியே அச்சிட்டன. பிறகு விக்கிபீடியாவில் சந்தேகம் வந்தபோது, ஸ்பீகல் இணையத்தளத்தில் வந்த செய்தியே சான்றாகக் காட்டப்பட்டது. பொய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தனக்குத்தானே சாட்சி சொன்னது. பத்திரிகையாளர் தன் வேலையைச் செய்யாவிட்டால் தொண்டரின் விதி தனியே நின்று ஒன்றும் செய்யாது.

அதற்கு முந்தைய மாதம், ஜனவரி 20, ஒபாமா பதவியேற்ற நாள். மதிய விருந்தில் செனட்டர் எட்வேர்ட் கென்னடி வலிப்பு வந்து விழுந்தார். இன்னொரு செனட்டர் ரொபேட் பேர்டும் சுகயீனமாகி வெளியே போனார். உடனே இருவரும் இறந்துவிட்டதாக விக்கிபீடியாவில் யாரோ எழுதினார்கள். இருவரும் உயிரோடுதான் இருந்தார்கள். கென்னடி பற்றிய பொய் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் நீக்கப்பட்டது.

சீகன்தாலருக்கு நாலு மாதம், கென்னடிக்கு ஐந்து நிமிடம். இடையில் விதி வந்தது உண்மை. ஆனால் அந்த வேகத்துக்குக் காரணம் விதி மட்டுமில்லை. கென்னடியின் பக்கத்தை அந்த மதியம் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீகன்தாலரின் பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடமும் கூட என்று நினைத்த வேல்ஸ், புதியவர்களின் திருத்தத்தை அனுபவமுள்ள ஒருவர் பார்த்த பிறகே வெளியிடும் முறை வேண்டும் என்று வலியுறுத்தினார். ஜேர்மன் விக்கிபீடியாவில் அது 2008இலேயே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 2010இல் பரீட்சித்து, 2012 டிசம்பரிலிருந்து தேவைப்படுகிற பக்கங்களுக்கு மட்டும் பாவிக்கிறார்கள். அதற்கும் பார்க்கிறதுக்கு ஆள் வேணும்.

எங்களுக்கு இது வந்து தட்டுகிற இடம் இதுதான். தமிழ் விக்கிபீடியா 2003இல் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்புவதில் முன்னின்ற இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். நல்ல உழைப்பு நடந்திருக்கு, ஆனால் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தொண்டர்கள் மிகக் குறைவு. சான்றுப் பிரச்சினையும் எங்களுக்குப் பெரிது. போர் நடந்த காலத்தில் ஆங்கில விக்கிபீடியாவில் இலங்கை பற்றி எழுதிய சிங்கள, தமிழ், வெளிநாட்டுப் பயனர்கள் சண்டைபிடித்துக் களைத்து, பிறகு ஒரு நல்லிணக்கத் திட்டம் அமைத்தார்கள். எந்த ஊடகத்தை நேரடியாகச் சான்று காட்டலாம், எதை "இன்ன தரப்பு சொல்கிறது" என்று பெயர் சொல்லி மட்டும் காட்டலாம் என்று பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். வெளியே ஆளையாள் முகம் பார்க்காத காலத்தில் அது சின்ன விடயமில்லை.

ஒரு மாகாண சபை உறுப்பினரைப் பற்றின தமிழ்க் கட்டுரையில் இன்றைக்கு யாராவது ஒரு பொய்யைச் செருகினால், அல்லது அவருடைய ஆளே வந்து பழைய வழக்கை அழித்தால், அது ஐந்து நிமிடம் இருக்குமா நாலு மாதம் இருக்குமா? பார்க்கிற ஆக்களைப் பொறுத்தது. அடுத்த தேர்தலுக்கு முதல் உங்கள் தொகுதி வேட்பாளரின் பக்கத்தைத் திறந்தால் மேலே இருக்கிற "வரலாறு" என்ற இடத்தையும் ஒருக்கா அழுத்திப் பாருங்கோ. யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்று திகதியோடு கிடக்கும். போன கிழமை ஏதாவது காணாமல் போயிருந்தால் உரையாடல் பக்கத்தில் சான்றோடு கேளுங்கோ. அதுக்குக் கணக்குக்கூடத் தேவையில்லை.