வேலியும் பொட்டும்: பைத்தன் தேடும் பாதையின் கதை

எங்கட ஊரில வேலி அடைக்கிறதும் நாங்கள்தான், அதில பொட்டு வைக்கிறதும் நாங்கள்தான். பங்குக் கிணத்துக்குப் போக வழி வேணுமே! பைத்தன் தன் பொதிகளைத் தேடும் பாதையின் வரலாறும் இப்படியொரு இழுபறிதான்.

கீடோ வான் ரோசம் பைத்தனை வெளியிட்டது 1991 பெப்ரவரியில். குடாநாட்டில் அப்ப கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. 'இம்போர்ட்' என்று எழுதினால் பைத்தன், சிஸ்.பாத் என்ற பட்டியலிலுள்ள கோப்புறைகளை மேலிருந்து கீழாகத் துழாவும். முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கீழே அதைவிடப் புதிய பதிப்பு கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது.

ஒரு கணினியில் எல்லாருக்கும் ஒரே பொதிக் கோப்புறை என்றால் சண்டை வரும்தானே. இவருக்குப் பழைய பதிப்பு வேணும், அவருக்குப் புதியது. இயன் பிக்கிங் முதலில் செய்த வேர்க்கிங்என்வ், பைத்தன்பாத் என்ற சூழல் மாறியை நம்பியிருந்தது. அந்த மாறியை வேலிக்கு வெளியே ஓடும் பைத்தன் நிரல்களும் வாசித்துக் குழம்பின. 2007இல் அவர் வேர்ச்சுவல்என்வ் கொண்டுவந்தார். 2006 ஓகஸ்டில் பூட்டின ஏ9 பாதை இங்க அப்பவும் திறக்கேல்லை. தொடக்கத்தில் அந்த வேலிக்குள்ளிருந்து கணினியின் பொதுப் பொதிகள் தெரிந்தன; 2011இல் வந்த 1.7 பதிப்பு அதையும் அடைத்தது. 2012இல் பைத்தன் 3.3 வெனவ் கருவியைத் தன்னுடனேயே தந்தது. கார்ல் மேயர் எழுதிய முன்மொழிவு அது.

எங்களுக்குச் சிக்கல் இதுக்குப் பிறகுதான். ஒரு பழைய மடிக்கணினியை நாலு பேர் பாவிக்கிறம். டோர்ச் மாதிரிப் பொதி நூற்றுக்கணக்கான எம்.பி. ஒருக்கா இறக்கினதை பிப் சேமித்து வைக்கும், சரி. ஆனால் ஒவ்வொரு சூழலுக்கும் டிஸ்கில் தனிப் பிரதி. பெரிய பொதிகளை ஓர் அடிச்சூழலில் போட்டு, அதன்மேல் ஆளாளுக்குச் சிறு சூழல் வைத்தால் என்ன?

வெனவ் இதுக்கு வழி வைக்கேல்லை. அடிச்சூழலுக்குள் நின்று, பொதுப் பொதிகளையும் சேர் என்று சொல்லிப் புதுச் சூழல் உருவாக்கினாலும், அது தகப்பனை விட்டிட்டு அப்பப்பாவிடம் போகும். 'பொது' என்றால் மூலப் பைத்தன் மட்டுமே.

பொட்டு வேறிடத்தில் இருக்கு. மேற்சூழலின் பொதிக் கோப்புறையில் பீ.ரீ.எச் என முடியும் சிறு கோப்பொன்றை வைத்து, அடிச்சூழலின் பொதிக் கோப்புறைக்கான முழுப் பாதையை ஒரு வரியாக எழுதினால் போதும். இரண்டு சூழலும் ஒரே பைத்தன் பதிப்பாக இருக்கவேணும். அந்தப் பாதை பட்டியலின் கடைசியில் சேர்வதால் எங்கட பொதி முந்தும். அதையே பைத்தன்பாத்தில் எழுதினால் தலைகீழ்: அடிச்சூழல் எல்லாத்தையும் முந்திவிடும், பைத்தனின் சொந்த நூலகத்தையும்கூட.

மேற்சூழலில் ஒரு பொதியின் புதிய பதிப்பை நிறுவினாலும், வெளியே இருப்பதை பிப் அழிக்காது. ஆனால் அடிச்சூழலில் ஒருவர் பதிப்பை மாற்றினால் நாலு பேருக்கும் மாறும். அதனால அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமையை ஒரே ஒராளுக்கு மட்டும் விட்டிருக்கிறம்.