பட்டு நூல் அறுந்த நாள்

தேய்த்தால் துரும்பை இழுக்கும் வஸ்துக்கள் இவை, இழுக்காதவை இவை என்று 1600ஆம் ஆண்டில் கில்பர்ட் என்ற ஆங்கில அறிஞர் வகுத்து வைத்ததைச் சென்ற வாரம் கண்டோம். அந்தச் சக்தி, அதாவது மின்சாரம், ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று நெடுந்தூரம் பிரயாணம் செய்யக்கூடும் என்பதைத் தீர ஆராய்ந்து நிலைநாட்டும் பாக்கியம், கான்டர்பரி நகரத்தில் சாயத்தொழில் செய்து, முதுமையில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் தர்ம விடுதியில் அடைக்கலம் புகுந்திருந்த ஸ்டீபன் கிரே என்ற ஏழை மனிதருக்கே வாய்த்தது.

1729ஆம் ஆண்டில், மூன்றரை அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயின் இரு வாய்களையும் தூசி புகாதபடி தக்கையால் அடைத்து, குழாயைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தவர், இறகு ஒன்று கண்ணாடியை விட்டுத் தக்கையை நாடிச் செல்வதைக் கண்டார். தக்கையையோ அவர் தேய்க்கவே இல்லை! உடனே தக்கையில் ஒரு குச்சியைச் செருகி, அதன் நுனியில் தந்தப் பந்தைப் பொருத்தினார்; பிறகு குச்சிக்குப் பதில் சணல் கயிற்றைக் கட்டி, உயரமான இடத்திலிருந்து பந்தைத் தொங்கவிட்டார்; அப்பொழுதும் அது கீழே கிடந்த பித்தளைத் தகட்டுத் துணுக்குகளை இழுத்தது. ஆனால் கயிற்றைக் கிடைமட்டமாகக் கொண்டுபோக எண்ணி, அதே சணலால் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டபோது பந்து சலனமற்றிருந்தது. சக்தி உத்தரத்தின் வழியே போய்விட்டதென்று அவர் சரியாகவே ஊகித்தார்.

அவ்வாண்டு ஜூலையில் கென்ட் மாவட்டத்து ஆட்டர்டென் மாளிகையில், நண்பர் கிரான்வில் வீலர், கயிற்றைத் தாங்கப் பட்டு நூலை உபயோகிக்கலாம் என்றார். பட்டு மெலிதானது, ஆகையால் அதன் வழியே ஒழுகுவது சொற்பமாகவே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். எண்பது அடி தாண்டியும் பந்து துணுக்குகளை இழுத்தது. மறுநாள் இன்னும் நீளமாகக் கட்டியபோது பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். குழாயை எவ்வளவு தேய்த்தும் ஒரு துணுக்குகூட அசையவில்லை. பருமன் காரணமன்று, பொருளின் சுபாவமே காரணம் என்ற உண்மை அந்தக் கணத்தில் வெளிப்பட்டது. பட்டு அறுந்திராவிட்டால் மெலிவே மகிமை என்ற பிழையான கொள்கையோடு அவர்கள் திருப்தியடைந்திருக்கவும் கூடும். ஆகவே வெற்றி பெற்ற முதல் நாளைவிடத் தோல்வி கண்ட மறுநாளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

உலோகத்தில் அணுக்களின் பிடியிலிருந்து விடுபட்ட எலெக்ட்ரான்கள் எங்கும் சஞ்சரிப்பதால் மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. பட்டிலும் கண்ணாடியிலும் அவை அணுக்களோடு இறுகப் பிணைந்திருப்பதால் பாய வழியில்லை. சணல் கடத்தியதற்கு அதில் ஊறியிருந்த ஈரமே பெரும்பாலும் காரணம். இவையெல்லாம் பிற்காலத்து விளக்கங்கள்; எலெக்ட்ரான் என்ற சொல்லையே அறியாத கிரே, கயிற்றையும் நூலையும் கொண்டே கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்ற பாகுபாட்டைக் கண்டுவிட்டார். ராயல் சொஸைட்டி தன் காப்ளி விருதை 1731லும் 1732லும் அவருக்கே அளித்தது.

பின்னர் பாரிஸ் நகரத்து விஞ்ஞானி டூஃபே அத்தகைய கயிற்றை நனைத்து, 1,256 அடி தூரம் சக்தியைச் செலுத்தினார். அவர் கண்ட இருவகை மின்சாரத்தை அடுத்த வாரம் காண்போம்.